அறுநூற்றுப் பதினாறாம் இலக்கம்

பனியை நான் முதன்முதலாகப் பார்த்தது யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில், பெரியம்மா வீட்டு நடு அறையில், வியர்த்து ஒழுகிக்கொண்டு. யன்னல்களைச் சாக்காலும் பழைய சேலையாலும் அடைத்துவிட்டு, அயலட்டை முழுவதும் ஒருவர் மடியில் ஒருவராக நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. சண்டையால் ஊரில் மின்சாரம் போய் வருடக்கணக்காகிவிட்ட காலம். எனக்குப் பத்து வயது.

பெரியம்மாவின் ஒரே மகனை நாங்கள் அண்ணை என்போம். அவர் நோர்வேயின் வடக்குக் கோடியில் ஏதோ ஒரு சின்ன ஊரில் இருந்தார். அங்கே ஒரு பனிச்சறுக்குக் கழகத்தில் சேர்ந்துவிட்டதாகக் கடிதம் போட்டிருந்தார். கழகத்தில் சேர்ந்த பிள்ளை உருப்படாது என்பது பெரியப்பாவின் கொள்கை. எங்கள் ஊர்க் கரப்பந்தாட்டக் கழகத்தைப் பார்த்து அவர் எடுத்த முடிவு அது. அடுத்த கடிதத்தில், கழகத்துக்காரர் எல்லோரும் ஒரு நெடுந்தூர ஓட்டத்தில் ஓடப்போவதாகவும், அதை வீடியோ எடுத்து அனுப்புவதாகவும் அண்ணை எழுதினார். பெரியப்பா தூரத்தைக் கணக்குப் பார்த்தார். பண்டத்தரிப்பிலிருந்து பளை வரைக்கும், முப்பது மைலுக்கு மேல் வந்தது. அவ்வளவு தூரமும் காலில் நீளப் பலகை கட்டி, இரண்டு கையிலும் தடி ஊன்றி, உறைகிற குளிரில் போகவேண்டும்.

“ஏன், அங்கை பஸ் ஓடுறேல்லையோ?” என்றார் பெரியப்பா.

பெரியம்மாவுக்கு ஓட்டமும் தெரியாது, கழகமும் தெரியாது. அவருக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அண்ணை போட்டோக்கள் அனுப்பத்தான் செய்தார். ஆனால் போட்டோவில் நிற்கிற பிள்ளை அசையாதே. “அவன் நடக்கிறதை ஒருக்காப் பாக்கவேணும். நடையைப் பாத்தால் ஒழுங்காச் சாப்பிடுறானோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியும்” என்பார். ஆறு வருடமாக இதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

வீடியோ கசெற் கொழும்பு வரைக்கும் தபாலில் வந்து, பிறகு கிளாலிக் கடலால் படகில் வந்த ஒருவரின் சாரத்துக்குள் சுற்றப்பட்டு எங்களிடம் சேர்ந்தது. மருதனார்மடத்தில் ரீவி, கசெற் போடுகிற டெக், ஜெனரேற்றர் மூன்றையும் வாடகைக்கு விடுகிற ஒருவர் இருந்தார். பிரச்சினை அதுவல்ல, ஜெனரேற்றருக்கு ஊற்ற மண்ணெண்ணெய். சங்கக் கடையில் கூப்பனுக்குக் கிடைப்பது வீட்டு விளக்குக்கே காணாது. ஆனாலும் விசயம் கேள்விப்பட்டதும், கலியாண வீட்டுக்கு மாவிடிக்க வருவதுபோல அயலவர்கள் ஆளுக்கு அரைப் போத்தல், கால் போத்தல் என்று கொண்டுவந்தார்கள்.

ஒரு வீட்டாரிடம் மட்டும் பெரியம்மா வாங்க மறுத்துவிட்டார். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா அந்த வருடம் ஓ.எல். சோதனை எடுக்கிறவர். ஜாம் போத்தலுக்குள் பஞ்சையும் கொஞ்ச எண்ணெயையும் விட்டுத் திரி போட்ட விளக்கில், கண் எரிய எரியப் படிப்பார். வேலிக்கு இந்தப் பக்கம் எங்களுக்குப் பாடமாகிவிடும் அளவுக்குச் சத்தமாகப் படிப்பார். “உங்கடை எண்ணெய் வேண்டாம், பிள்ளையின்ரை சோதனை முடியட்டும்” என்று அக்காவின் தாயிடம் பெரியம்மா கண்டிப்பாகச் சொன்னார்.

இரவில் வெளிச்சம் தெரிந்தால் குண்டு போடப் பிளேன்காரன் வருவான் என்பதால் பின்னேரம் மூன்று மணிக்கே படத்தைப் போட்டார்கள். எனக்குப் பெரிய உத்தியோகம் ஒன்று கிடைத்தது. நெஞ்சில் அறுநூற்றுப் பதினாறு என்ற இலக்கத்தோடும் கழகத்தின் நீலச் சட்டையோடும் வருவதாக அண்ணை எழுதியிருந்தார். முகத்தைத் தொப்பியும் துணியும் மூடியிருக்கும், இலக்கத்தைப் பார்த்தால்தான் ஆளைத் தெரியும். எனவே கூட்டத்திலேயே கூரான கண் என்று பெயரெடுத்த என்னை ரீவிக்கு முன்னால் உட்காரவைத்து இலக்கம் பார்க்கச் சொன்னார்கள். நான் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி நடுவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

படம் எடுத்தவர் ஒரே இடத்தில் நின்று எடுத்திருந்தார். வெள்ளை நிலத்தில் இரண்டு சால், அதில் ஒருவர் பின் ஒருவராக ஆட்கள் தடி ஊன்றி வந்து போனார்கள். முதலில் வந்தவர்களுக்கு எங்கள் சனம் கைதட்டியது. பிறகு கொட்டாவி விட்டது.

“வழுக்கி விழாமல் நடக்க நாங்கள் படுறபாடு. உவை வழுக்கிறதுக்கெண்டு பலகை கட்டுகினம்” என்றார் ஒருவர்.

அரை மணி, முக்கால் மணி. நீலச் சட்டைகள் வந்தன. அறுநூற்றுப் பதினாறு வரவில்லை. வெளியே ஜெனரேற்றர் இருமத் தொடங்கியது. படம் சுருங்கி விரிந்தது.

“அக்கா, எண்ணெய் முடியுது. வேகமா ஓடவிட்டுப் பாப்பமே?” என்று டெக்காரர் பெரியம்மாவைக் கேட்டார்.

“ஐயோ வேண்டாம் தம்பி. ஓடவிட்டால் பிள்ளையும் சேந்து ஓடிப்போயிடுவான்.”

அப்போது பக்கத்து வீட்டு அக்காவின் தாய் எழும்பி வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் சேலைத் தலைப்புக்குள் எதையோ பொத்திக்கொண்டு திரும்பி வந்து வாசலில் நின்றார். தலைப்பை விலக்கி, ஒரு போத்தலை டெக்காரர் பக்கம் நீட்டினார். மண்ணெண்ணெய் முக்கால்வாசி இருந்தது. பெரியம்மா அந்தப் போத்தலைப் பார்த்தார். பிறகு ரீவியைப் பார்த்தார்.

“உந்தா! உவன்தான்! உவன்தான் என்ரை பிள்ளை!”

நான் துள்ளி எழும்பினேன். திரையில் நீலச் சட்டையோடு வந்துகொண்டிருந்தவரின் நெஞ்சில் இருநூற்று மூன்று என்று பட்டப்பகல்போலத் தெரிந்தது. முகத்துத் துணி விலகியிருந்தது. உறைந்துபோன தாடி தேங்காய்த் தும்பு நிறத்தில் இருந்தது. அண்ணை எங்கள் ஊர் வெயிலில் வெங்காயம் நட்டுக் கறுத்த ஆள்.

“இல்லைப் பெரியம்மா, இது இருநூற்று மூண்டு!” என்று கத்தினேன். அம்மா என் தொடையில் நுள்ளிய இடம் அடுத்த நாளும் நொந்தது.

அறையில் இருந்தவர்கள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பின்னாலிருந்து யாரோ, “ஓமோம், அவன்தான். அந்த நடை வேறை ஆருக்கு வரும்?” என்றார்கள். எல்லோரும் ஓம் ஓம் என்றார்கள். பெரியப்பாகூடத் தலையாட்டினார்.

“நல்லாச் சாப்பிடுறான்” என்றார் பெரியம்மா. “காணும் தம்பி, நிப்பாட்டுங்கோ.”

டெக்காரர் நிற்பாட்டினார். அக்காவின் தாய் போத்தலைத் திரும்பவும் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இத்தனை பெரிய ஆட்களுக்கும் ஒரேயடியாகக் கண் தெரியாமல் போகுமா? என்னை இலக்கம் பார்க்க வைத்துவிட்டு, நான் சொன்னதை ஒருவரும் கேட்கவில்லையே. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் முணுமுணுத்தேன். “வாயை மூடிக்கொண்டு வா” என்று மட்டும் அம்மா சொன்னார். அன்று பொழுதுபட, வேலிக்கு அப்பால் அக்கா வழமைபோல உரத்துப் படித்துக்கொண்டிருந்தார். அவர் சத்தம்கூட எனக்கு எரிச்சலாக இருந்தது.

மகனைக் கண்டாயிற்று என்று ஊரே சந்தோசப்பட்டதால், கசெற்றைத் திரும்பப் போடும் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் காலை அம்மா தந்துவிட்ட மோரோடு பெரியம்மா வீட்டுக்குப் போனேன். அவர் கிணற்றடியில் வெயிலுக்குள் நின்றார். கசெற்றின் மூடியைத் திறந்து, மண்ணிற நாடாவை ஒரு முழம் வெளியே இழுத்து, சூரியனுக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

“வா பிள்ளை. உன்ரை கண் நல்ல கண். இதிலை அவன் எவடத்திலை நிக்கிறான் எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லு.”

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. இது போட்டோ பிலிம் அல்ல, வெயிலில் பிடித்தாலும் ஒன்றும் தெரியாது, டெக் இருந்தால்தான் ஆட்கள் வருவார்கள் என்று ரீச்சர் மாதிரி விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டார். “ஓ, அப்பிடியே” என்றார். நாடாவை நான் பக்குவமாக உள்ளே தள்ளிக் கொடுத்தேன். அவர் கசெற்றைத் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீர் அள்ளத் தொடங்கினார்.

பெரியம்மாவுக்கு வீடியோவைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்று அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பதற்காக நான் ஓட்டமாக வீட்டுக்கு வந்தேன். முதல் நாள் பார்த்துவிட்ட பிள்ளையை மறுநாள் ஏன் தேடுகிறார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.