1022117-க்கு ஒரு கல்

தண்ணீர் மீட்டர் செய்யும் தொழிற்சாலையில், ஒவ்வொரு மீட்டரின் பித்தளை மூடியிலும் வரிசை எண்ணை அடிப்பதுதான் அக்காவின் வேலை. கூட இருந்தவர்களுக்கு அவள் முத்திரை அக்கா. கை அடித்துக்கொண்டிருக்க, மனம் அந்த எண்ணை மூன்றால், ஏழால், பதின்மூன்றால் வகுத்துக்கொண்டே போகும். எதற்கும் மீதியின்றிப் பிரியாத பகா எண் ஒன்று அகப்பட்டுவிட்டால், அன்று மாலை பஸ்ஸில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வருவாள்.

கல்யாணப் பேச்சை எடுத்தவர்களிடம் மழுப்பியே காலத்தை ஓட்டிவிட்டாள். வீட்டில் அவளும், மருந்துக்கடையில் வேலை பார்த்த தங்கையும்தான். குளியலறைச் சுவரில் அவள் தேடி வாங்கி மாட்டிய மீட்டரின் எண் 1022117. குழாயைத் திறந்தால் அந்த எண்ணுக்கடியில் சின்னச் சிவப்பு முள் தூக்கத்தில் புரள்வதுபோல் சுழலும்.

"பகா எண்டி இது. என்னை மாதிரி. யாராலயும் பிரிக்க முடியாது."

அக்கா போன பிறகு, அவள் கல்லறைக் கல்லில் பெயருக்குக் கீழே அந்த எண் இருக்கவேண்டும் என்று தங்கைக்குத் தோன்றியது. கல் செதுக்குபவர் தலையைச் சொறிந்தார்.

"பாக்கறவங்க போன் நம்பர்னு நெனச்சு போன் போடுவாங்கம்மா."

"போடட்டும். அவ எடுக்கவா போறா?"

செதுக்கினால் அழிக்கமுடியாது, எதற்கும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள் என்று அவர் சொல்லி அனுப்பினார்.

ஞாயிறு மதியம் மருந்து உறைகளின் பின்புறத்தில் வகுக்க உட்கார்ந்தாள். ஒவ்வொரு பகா எண்ணும் வாசல்வரை வந்து, கொஞ்சம் மீதியைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனது. 997-உம் போனது. அக்கா எப்போதும் அங்கே நிறுத்திவிடுவாள். ஆயிரத்துக்குள் பார்த்தால் போதும் என்பாள். ஆறு இலக்க எண்ணுக்கு அது சரிதான்: அப்படி ஒரு எண் இரண்டாகப் பிரிவதானால், அந்த இரண்டில் சின்னது ஆயிரத்தைத் தாண்டாது. வாழ்நாளில் பெரும்பகுதி அவள் அடித்தது ஆறு இலக்கம். மீட்டர்கள் ஏழு இலக்கத்துக்குள் நுழைந்தபோது பழக்கம் கூடவே நுழைந்துவிட்டது.

1011-ஐ அதாலேயே பெருக்கினால் 1022121. நாலுதான் அதிகம். ஆக, இந்த எண்ணுக்கு 1011-க்குள் பார்க்கவேண்டும்; 997-க்குப் பிறகு பார்க்காமல் விட்டது ஒரே ஒரு பகா எண், 1009.

வகுத்தாள். 1013 வந்தது. மீதி இல்லை.

அக்காவை இன்னொரு முறை பறிகொடுத்தது போலிருந்தது. வெயில் மேசையிலிருந்து தரைக்கு இறங்கும்வரை உறையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். 1009 பகா எண். 1013-உம் பகா எண். நடுவே வேறு பகா எண் கிடையாது. அடுத்தடுத்த கட்டிலில் படுத்துக்கொண்டு, விளக்கணைத்த பிறகும் பேசிக்கொண்டிருக்கும் இரண்டு பேர் மாதிரி.

மறுநாள் கல்லின் இடது பக்கத்தில் 1009 என்று மட்டும் செதுக்கச் சொன்னாள்.

"வலது பக்கம் காலியா இருக்கேம்மா?"

"இருக்கட்டும். அங்க 1013 வரும்" என்றாள் தங்கை. "அவசரமில்ல."