அனகோண்டா கூடாரத்தில் அளந்து விட்டவை

உலகத்திலேயே பெரிய பாம்பை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டுகிற தொழிலில் பாம்பு என்னை ஒரு நாளும் கடித்ததில்லை. டிக்கெட் வாங்கினவர்கள்தான் கடித்துக் குதறியிருக்கிறார்கள். துணிக்கடையில் நிற்கிறவர்களே, இன்சூரன்ஸ் விற்கிறவர்களே, கல்யாணத் தரகர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாமெல்லாம் ஒரே சாதி. இல்லாததை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, 'எங்கே, காட்டு' என்று கேட்கிறவனிடம் மாட்டிக்கொண்டு முழிக்கிற சாதி.

எங்கள் அனகோண்டா ரப்பரும் ஸ்பாஞ்சும். உள்ளே கம்பிக்கூடு. பழைய பஸ்ஸின் வைப்பர் மோட்டார் தலையைத் தூக்கி இறக்கும். நாக்கு, சைக்கிள் டியூபுக்குச் சிவப்பு பெயிண்ட். முதலாளி மாதேஷ், மாரண்டஹள்ளிக்காரன், இளவட்டம். தக்காளி வியாபாரத்தில் கையைச் சுட்டுக்கொண்டு, 'அழுகாத சரக்கா ஒண்ணு வாங்கணும்' என்று தேடித்தேடி இதை வாங்கினான். சந்தை, திருவிழா, எங்கே கூட்டமோ அங்கே கூடாரம். வாசலில் மைக் பிடித்து ஆளைக் கூப்பிடுவதும், உள்ளே வந்தவர்களுக்குக் கதை சொல்வதும் என் வேலை. இதற்கு முன்னால் நான் தேர்தல் ஆட்டோவில் காலையில் ஒரு கட்சிக்கும் மாலையில் எதிர்க்கட்சிக்கும் ஒரே தொண்டையில் ஓட்டுக் கேட்டவன். வேறென்ன தகுதி வேண்டும்?

இந்த வருஷம் திருவிழாக் காலம் ஆரம்பிக்கும்போதே மாதேஷ் ஒரு பென் டிரைவை என் மூக்குக்கு நேரே ஆட்டினான். "தாத்தா, இதுல ஒரு பொண்ணு குரல் இருக்குது. கம்ப்யூட்டர்ல செஞ்சது. இருமாது, வெத்தலை போடாது, கண்டபடி புளுகாது. இந்தத் தடவை உங்களால ஒரு வம்பு வந்துச்சு, அவ்வளவுதான். நீங்க வூட்டுக்கு, இது மைக்குக்கு."

வீட்டு நிலைமை உங்களுக்குத் தெரியாது. நான் வாயைத் திறந்தால் மருமகள் டிவி சத்தத்தைக் கூட்டுவாள். மகன் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவான். மைக் போனால் என் பேச்சைக் கேட்க இந்த உலகத்தில் இரண்டே காதுதான் மிச்சம். அதுவும் என்னுடையது. அதனால், வம்புக்கே போவதில்லை என்று சத்தியம் செய்துகொண்டேன். வம்பு அப்படி ஒன்றும் சத்தியம் செய்துகொள்ளவில்லை.

கூப்பிட்டு வைத்த சாமி

பாப்பாரப்பட்டியில் சந்தை நாள். முதல் ஆட்டத்துக்கு வந்த ஒரு அம்மாள் வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தாள். பையிலிருந்து இரண்டு முட்டை, மஞ்சள், குங்குமம், ஒரு சொம்புப் பால். நான் தடுப்பதற்குள் பாம்புக்கு முன்னால் வைத்து விழுந்து கும்பிட்டாள். மோட்டார் அந்த நேரம் பார்த்துத் தலையை இறக்கியது. "ஏத்துக்கிச்சு!" என்று யாரோ கத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் சந்தையில் முட்டை தீர்ந்துபோயிற்று.

மைக்கில் கெஞ்சினேன். "தாயே, இது நம்மூருப் புத்துப் பாம்பு இல்லை. அனகோண்டா. முட்டையே போடாது, குட்டிதான் போடும். பன்னி, மான், முதலைதான் அதுக்குச் சாப்பாடு." "பன்னி திங்கற சாமி எங்களுக்குப் புதுசா? முனியப்பனுக்கு வருசா வருசம் வெட்டறோம்!" என்று பின்வரிசையிலிருந்து பதில் வந்தது. கற்பூரமும் ஏற்றிவிட்டார்கள். ஸ்பாஞ்ச் பற்றினால் சாமி நொடியில் சாம்பல். மாதேஷ் வாளித் தண்ணீரோடு ஓடி வந்தான். அதை அபிஷேகம் என்று நினைத்துக் குலவை போட்டார்கள்.

கூட்டம் ரோடு வரைக்கும் நின்றது, டிக்கெட் மட்டும் ஒருத்தரும் வாங்கவில்லை. மாதேஷ் என்னை ஒரு பார்வை பார்த்துச் சட்டைப்பையைத் தடவினான். உள்ளே பென் டிரைவ். நான் அந்த அம்மாளிடம், "பெரிய பெரிய கோயில்லயே சிறப்பு தரிசனத்துக்கு டிக்கெட் இருக்குதே ஆத்தா" என்று நயமாகச் சொல்லிப் பார்த்தேன். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "அங்க சாமி கம்முனு இருக்குது, நாமளா தேடிப் போறோம். இது தலையை ஆட்டி ஆட்டி வா வான்னு கூப்புடுது. கூப்புட்டு வெச்சுட்டு வாசல்ல காசு கேட்டா, அது மனுசன் வூட்டு மொறையா?"

ராஜா போய் ராணி வந்தாள்

அடுத்த ஊர் இண்டூர். மாதேஷ் முன்னெச்சரிக்கையாக 'இது சாமி இல்லை' என்று ஒரு போர்டு எழுதி மாட்டினான். 'அப்ப நாத்திகப் பாம்பா?' என்று கேட்டுவிட்டுப் போனார் ஒருத்தர். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "அமேசான் ராஜா! ஆண் சிங்கம் மாதிரி ஆண் பாம்பு!" என்று காலை முழுக்க முழங்கிக்கொண்டிருந்தேன். நர்சிங் படிக்கிற ஒரு பெண் கையைத் தூக்கினாள். "தாத்தா, அனகோண்டாவுல பொம்பளைதான் பெருசு. ஆம்பளை அதுல பாதி கூடத் தேறாது." நாலு பேர் சிரித்தார்கள். வம்பு வேண்டாமே என்று மத்தியானத்துக்குள் ராஜாவை ராணியாக்கிவிட்டேன். நெற்றியில் ஒரு ஸ்டிக்கர் பொட்டும் வைத்தேன். லட்சணமாகத்தான் இருந்தது.

காலையில் வந்துவிட்டுப் போன ஒரு விவசாயி, சாயங்காலம் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். "என்னாங்க இது, காலையில ராஜான்னீங்க, இப்ப ராணின்றீங்க?" நான் அசரவில்லை. "காலையில நீங்க பார்த்தது வூட்டுக்காரர்ங்க. கூச்ச சுபாவம். ராணி வெளியே வந்ததும் அவர் பின்பக்கமா போயிட்டாரு." விவசாயி மேலே ஏதோ கேட்க வாயெடுத்தார். மனைவி முந்திக்கொண்டாள்: "வுடுங்க, அது உண்மையாத்தான் இருக்கும். எங்க வூட்லயும் நான் வந்தா ஒரு ஆம்பளை பின்பக்கமாத்தான் போவுது."

தொப்பூரில் படுத்த தாத்தா

நல்லம்பள்ளியில் ஒரு ரிட்டயர்டு சயின்ஸ் வாத்தியார் வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசல் போர்டை இரண்டு தடவை படித்தார். "நீளத்துல உலகத்திலேயே பெருசு அனகோண்டா இல்லைய்யா. தென்கிழக்கு ஆசியாவுல ஒரு மலைப்பாம்பு இருக்குது, உடம்பு பூரா வலை விரிச்ச மாதிரி கோலம், அதுதான். இது எடையிலதான் பெருசு" என்றார். கூட்டம் என்னைத் திரும்பிப் பார்த்தது. "சார் சொல்றது நூத்துக்கு நூறு. நீளத்துக்கு அது, எடைக்கு இது. ரெண்டு கட்சியும் கூட்டணி வெச்சப்ப பொறந்தது நம்ம பாம்பு" என்றேன். வாத்தியார் விடுகிற ஜாதி இல்லை. "போர்டுல அறுபது அடின்னு போட்டிருக்குது. கூடாரமே அவ்வளவு இல்லையே. மீதிப் பாம்பு எங்க?"

வேறு வழியில்லாமல் தாத்தாவை இழுத்தேன், பாம்பின் தாத்தாவை. "அந்த அளவு இதோட தாத்தாவுதுங்க சார். ஒரு காலத்துல நம்ம தொப்பூர் மலையில வந்து படுத்துத் தூங்குச்சு. அது எழுந்து போன தடத்துல போட்டதுதான் ரோடு. இல்லன்னா ஒரு ரோடு எதுக்கு அப்படி நெளிஞ்சு நெளிஞ்சு போவுது?" வாத்தியார் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற லாரி டிரைவர்தான் நிதானமாகச் சொன்னார்: "நான் தினம் அந்தக் கணவாய்ல எறங்கறவன் தாத்தா. உங்க பாம்பு தெளிவா இருக்கும்போது படுத்த தடம் மாதிரி தெரியல. நல்லா ஊத்திக்கிட்டுதான் படுத்திருக்குது."

வயிற்றில் அசைந்தது

தருமபுரியில் கூட்டம் அள்ளியது. அன்றைக்கு யாரும் எதையும் கேட்கவில்லை, ஏனென்றால் பாம்பின் வயிறு தானாக அசைந்தது. அதற்கு மோட்டாரே கிடையாது. என்னவென்று எனக்கே தெரியாது; வாய் மட்டும் அதுபாட்டுக்கு ஓடியது. "பாருங்க, பாருங்க! காலையில முழுங்கின மான் உள்ள உயிரோட துள்ளுது!" ஜனங்கள் செல்போனைத் தூக்கினார்கள். அந்த மான் மெதுவாக நகர்ந்து கழுத்துக்கு வந்து, ராணியின் வாயைத் திறந்துகொண்டு, சிவப்பு நாக்கின் மேல் நின்று மீசையைத் துடைத்தது. பெருச்சாளி. ஸ்பாஞ்சுக்குள் குடும்பம் நடத்தியிருக்கிறது. பின்னாலேயே குட்டிகள் வேறு. 

கூட்டம் தெறித்து ஓடியது. ஒரே ஒருவர் மட்டும் நகரவில்லை. வத்தல்மலையிலிருந்து சாமை மூட்டையோடு விற்க வந்தவர். மூட்டையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு பெருச்சாளியைப் பார்த்தார், பாம்பைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "எங்க மலையில பாம்புதானுங்க எலியைத் திங்கும். இங்க எலி பாம்பைத் திங்குது. கீழ எல்லா வேலையும் இப்படித்தான் நடக்குதுங்களா?"

பென் டிரைவ் பேசியது

அந்த வீடியோ எங்களுக்கு முன்னால் மாரண்டஹள்ளிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மாதேஷுக்குச் சொந்த ஊர். மாமன் மச்சான் எல்லாம் போன் போட்டு, 'எலி எப்படி இருக்குது?' என்று நலம் விசாரித்தார்கள். அவன் என் கையிலிருந்து மைக்கை வாங்கி வைத்துவிட்டு, ஸ்பீக்கரில் பென் டிரைவைச் சொருகினான். நான் எதிரே போண்டாக் கடைக்குப் போய் உட்கார்ந்தேன். மறுநாள் காலை பஸ்ஸில் வீட்டுக்கு.

அந்தப் பெண் குரல் இனிமையாகத்தான் இருந்தது. "வணக்கம். அனகோண்டா தென் அமெரிக்காவின் ஆறுகளிலும் சதுப்பு நிலங்களிலும் வாழ்கிறது. இதற்கு விஷம் கிடையாது. நீங்கள் பார்ப்பது ரப்பரால் செய்யப்பட்ட ஒரு மாதிரி." முடிந்ததும் மறுபடி வணக்கம். உள்ளே போனவர்கள் போன வேகத்தில் வெளியே வந்தார்கள். "பாம்புக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று ஒருத்தன் ஸ்பீக்கரிடம் கேட்டான், அது வணக்கம் சொன்னது. "எலிக் குட்டிங்க நல்லா இருக்குதா?" அதற்கும் வணக்கம். என் நாக்கு நமநமத்தது. பக்கத்தில் டீ குடித்தவரிடம் மெல்ல ஆரம்பித்தேன்: "அது எலியே இல்லீங்க. அமேசான்ல இருந்து கூடவே வந்த ராணியோட பல் டாக்டர்." அவர் டீயைக் கீழே வைத்தார். நாலு பேர் திரும்பினார்கள். போண்டாக் கடையில் உட்கார இடமில்லாமல் போயிற்று. கூடாரத்தில் பென் டிரைவ் தனியாக வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தது.

மகன் காட்டுகிற பாம்பைப் பார்க்க மாதேஷின் அம்மா அப்போதுதான் வந்தார். வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். காலியான கூடாரத்தில் வணக்கத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு வெளியே வந்து என்னைச் சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தார். டிக்கெட் மேஜையில் தலையைக் கவிழ்த்திருந்த மகனிடம் போய், தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "லோ மாதேஷா, புளுகறவரைப் போண்டா திங்க அனுப்பிச்சுட்டு, உண்மையை உள்ள உக்கார வெச்சிருக்கியே, உண்மையைக் கேக்க எவன்டா டிக்கெட் வாங்குவான்?"

இப்போது நான் சாப்பிடப் போகிற நேரத்தில் மட்டும் பென் டிரைவ் உண்மை பேசுகிறது, அந்த நேரம் பார்த்து ஜனங்களும் சாப்பிடப் போய்விடுகிறார்கள்.