ஐம்பத்தாறு மார்க் மணவாளன்

சிதம்பரம் கீழ வீதியில் மணவாளனைத் தெரியாதவர் கிடையாது. மணவாளனுக்குத்தான் யாருடைய முகமும் தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் கால்.

கோபுரத்துக்கு எதிரே பொன்னம்பலம் என்பவர் தம் சொந்த மனையில் கீற்றுக் கொட்டகை போட்டு, கோயிலுக்கு வருகிறவர்களின் செருப்பு, பூட்ஸ், குடை, கைத்தடி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் தொழில் நடத்தினார். நடத்தினாரே தவிர, பார்த்துக்கொண்டதில்லை. பார்த்துக்கொண்டவன் மணவாளன், பதினாலு வயதிலிருந்து. சீட்டு கிடையாது, அடையாளம் கிடையாது. வருகிறவர் கழற்றுவார். இவன் குனிந்தபடியே அந்தக் காலை ஒரு தடவை பார்ப்பான். அவர் உள்ளே போய்ப் பிராகாரமெல்லாம் சுற்றி, தெரிந்தவர்களிடம் வம்பளந்து, உச்சிவேளைக்குத் திரும்பி வந்து நின்றால், வாயைத் திறக்கும் முன் ஜோடி அவர் முன்னால் விழும். ஒரு நாளும் தப்பியதில்லை. பெரிய வக்கீல் ஒருவர் பேச்சுக் கொடுத்தால்கூட, அவருடைய கட்டைவிரலைப் பார்த்துத்தான் பதில் சொல்வான். வக்கீலின் பெயர் அவனுக்குத் தெரியாது. 'சுண்டுவிரல் மடங்கினவர்' என்றுதான் வைத்திருந்தான்.

மற்றபடி ஊர்க்காரர்கள் சொல்கிற மாதிரி, ஆள் 'ஒரு மாதிரி'. தட்டில் குழம்பு சோற்றைத் தொட்டுவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு முடிந்தது. மேளச்சத்தம் கேட்டால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடுவான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வான். கேட்காததைச் சொல்ல மாட்டான்.

அவனுடைய தங்கை தைலம்மாள் நேர் எதிர். கேட்காததை மட்டும்தான் சொல்வாள். ஐந்தாம் வகுப்போடு அவளும் பள்ளிக்கூடமும் மனமொத்துப் பிரிந்துகொண்டார்கள். அண்ணனுக்குச் சோறு கொண்டுவரும் சாக்கில் தினமும் கொட்டகைக்கு வருவாள். தூக்குப் பாத்திரத்தை வைத்துவிட்டு, முன்வரிசையில் ஒரு குமாஸ்தாவின் இடது செருப்பை ஒரு வியாபாரியின் வலது செருப்போடு ஜோடி சேர்த்து வைப்பாள். மணவாளன் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டான். கை மட்டும் நீண்டு, பிரித்து, இருந்த இடத்தில் வைத்துவிடும்.

"என்னிக்காவது ஒரு நா ஏமாறேண்ணே. எனக்கும் ஒரு சந்தோசம் வேணாமா?" என்பாள்.

"இது அவருது இல்ல" என்பான் அவன்.

தோற்றுத் தோற்று அவளுக்கு அதில் ஒரு பெருமை வந்துவிட்டது. வெளியே சொல்ல மாட்டாள்.

தொல்லை ஒரு முள்ளில் ஆரம்பித்தது. யுத்தம் முடிந்த மறுவருஷம் வைகாசியில் பொன்னம்பலத்துக்குக் காலில் கருவேல முள் ஏறி, பாதம் முழுக்கத் துணிக்கட்டு. அந்தக் கட்டோடு, வெளியூர்ப் பெரிய மனிதர்கள் நாலு பேர் சூழ, தம் கொட்டகைக்குள் நுழைந்தார். மணவாளன் கட்டைப் பார்த்தான். கையை நீட்டி மறித்தான்.

"உள்ள வரக் கூடாது. யாரு நீங்க?"

ஒன்பது வருஷமாகச் சோறு போடுகிற முதலாளியைப் பார்த்துக் கேட்டான். வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பொன்னம்பலம் சிரிக்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்து அவருடைய தங்கை மகன் சேதுமாதவன் மஞ்சக்குப்பத்திலிருந்து லீவுக்கு வந்து சேர்ந்தான். சென்னையில் வாத்தியார் வேலைக்குப் படிக்கிறவன். பெட்டி நிறைய அட்டைகள், படங்கள், ஒரு நிறுத்துக் கடிகாரம்.

"புத்திய அளக்க முடியுமாடா?" என்றார் மாமா.

"ஜுரத்த அளக்கறோமே மாமா. அது மாதிரிதான்."

"அப்ப இவன அள."

கொட்டகையிலேயே பரீட்சை நடந்தது. மூக்கில்லாத முகம் ஒன்றைப் படமாகக் காட்டி, "இதுல என்ன கொறையுது?" என்றான் சேதுமாதவன். மணவாளன் படத்தை ஒரு தரம், கேட்டவனின் பூட்ஸை ஒரு தரம் பார்த்தான்.

"கால் இல்ல."

சேதுமாதவன் பூஜ்யம் போட்டான். "உன் வீடு தீப்பிடிச்சா என்ன செய்வே?"

"எங்களுக்கு வீடு இல்லீங்க. வாடகை."

இன்னொரு பூஜ்யம். அடுத்ததற்குக் கடிகாரத்தைக் காதருகே வைத்து அமுக்கினான். டிக் டிக் என்ற சத்தம் வந்ததும் மணவாளன் காதைப் பொத்திக்கொண்டான். அதற்கப்புறம் வந்த ஏழு கேள்விகள் அவன் காதில் விழவே இல்லை. ஏழும் பூஜ்யம்.

"மனசு வயசு ஒன்பதுதான் மாமா. ஒன்பத பதினாறால வகுத்து நூறால பெருக்கணும். ஐம்பத்தாறு."

தைலம்மாள் தூக்கோடு நின்றுகொண்டிருந்தாள். "எங்கண்ணனுக்கு இருவத்திமூணு வயசுங்க. பதினாறு எங்கேர்ந்து வந்துச்சு?"

"பதினாறுக்கு மேல புத்தி வளராதும்மா. ஆராய்ச்சி பண்ணிச் சொல்லியிருக்காங்க."

"எனக்கு ஆவணியோட பதினாறு முடியுதுங்க. இருக்கிற ரெண்டு மாசத்துல எதாச்சும் கத்துக்கணும்னா சட்டுனு சொல்லிக் குடுத்துடுங்க."

சேதுமாதவனுக்குச் சிரிப்பு வந்தது. பொல்லாதவனில்லை அவன். அளவு சொல்லும் எண்ணை நம்பினவன், அவ்வளவுதான். ஆனால் பொன்னம்பலத்துக்கு அந்த எண் போதுமாக இருந்தது. "ஒன்பது வயசுப் புள்ளைய நம்பியா இத்தினி பேரு செருப்ப விட்டு வச்சிருந்தேன்?" என்று அப்போதே முடிவு செய்துவிட்டார். எண் அடித்த பித்தளை வில்லைகள் வரவழைப்பது. ஜோடிக்கு ஒரு வில்லை, சொந்தக்காரர் கையில் ஒரு வில்லை. அதைக் கொடுத்து வாங்க ஆண்டி என்று ஒரு புது ஆள். மணவாளன் ஆனித் திருமஞ்சனம் வரைக்கும் வரிசை அடுக்கிவிட்டு, மறுநாள் கிளம்பிவிட வேண்டும். தைலம்மாள் கொட்டகைக்குள் காலடி வைக்கவே கூடாது.

கிளம்பி எங்கே போவது என்பதுதான் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த பயம். கடலூர் முதுநகரில் தாய்மாமன் ராமாமிர்தம் ஓர் அரிசி மில்லில் மேஸ்திரி. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு தரம் மணவாளனை அங்கே மூட்டை தூக்க வைத்துப் பார்த்தார். எஞ்சின் ஓடின மூன்று நாளும் அவன் பச்சைத்தண்ணி தொடவில்லை. நாலாம் நாள் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு, பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று நடந்தே சிதம்பரம் வந்து சேர்ந்தான். வந்தபோது காதில் துணி அடைத்திருந்தது, துணியில் ரத்தம். ஒரு மாதம் பேசவில்லை.

"வேற என்னாடி செய்யறது? சும்மா உக்காத்தி வச்சு சோறு போட நமக்கு ஏது வழி?" என்று அம்மா மாரியம்மாள் அழுதாள். தைலம்மாள் அழவில்லை. அழுகிற நேரத்தில் அவளுக்கு யோசனை ஓடும். ஓடுகிற யோசனை எதுவும் நல்லதாக இருக்காது.

திருமஞ்சனத்தன்று ஊர் கொள்ளாத கூட்டம். வெறுங்காலோடு வந்த கிராமத்து ஜனங்களை விட்டுவிட்டுப் பார்த்தாலும், கொட்டகையில் முந்நூறு ஜோடிக்குக் குறையாது. வாசலில் ஆண்டி வாங்கி வில்லை கட்ட, மணவாளன் காலைப் பார்த்துக்கொண்டே வரிசையில் அடுக்கினான். நடுப்பகலில் மேளம் வீதிக்கு வந்தது. அவன் காதைப் பொத்திக்கொண்டு பின்னால் போனான். ஆண்டி கன்னத்தில் போட்டுக்கொண்டு சாமி பார்க்க வாசலுக்கு ஓடினான். தைலம்மாள் கீற்றை விலக்கிக்கொண்டு உள்ளே புகுந்தாள். மூன்று வரிசையில் நாற்பது ஜோடிக்கு வில்லை மாற்றிக் கட்டிவிட்டு, எதுவும் தெரியாதவளாய் எதிர்ச்சாரியில் போய் நின்றுகொண்டாள். வில்லை தோற்றால் அண்ணன் ஜெயிப்பான். அவள் போட்ட கணக்கு அவ்வளவே.

தரிசனம் முடிந்து கூட்டம் திரும்பியது. வக்கீலுக்கு ஒரு மாட்டுத் தரகனின் தோல் செருப்பு வந்தது. தரகனுக்கு யாரோ ஒரு காலேஜ் மாணவனின் பூட்ஸ் வந்தது. அவன் அதை வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "யோவ், எம்பது எங்க?" "இந்தாய்யா எம்பது." "இது எம்பதா? இத எங்க வேலக்காரன்கூடப் போட மாட்டான்!" கொட்டகையே இடிந்து விழும்போல் கூச்சல். ஆண்டியின் சட்டையை இரண்டு பேர் பிடித்திருந்தார்கள்.

தைலம்மாள் அண்ணனைத் தேடினாள். மணவாளன் மூலையில் சுருண்டு உட்கார்ந்து, காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தான். மில்லிலிருந்து வந்த அன்றைக்கு எப்படி ஆடினானோ அப்படியே. எந்தச் சத்தத்திலிருந்து அவனைக் காப்பாற்ற நினைத்தாளோ, அந்தச் சத்தத்தைத் தன் கையாலேயே கொண்டுவந்து கொட்டியிருக்கிறாள். இதை அவள் யோசிக்கவில்லை.

ஓடிப்போய் ஒரு பெட்டிமேல் ஏறி நின்றாள்.

"எல்லாரும் ஒக்காருங்க! தெருவுலயே ஒக்காந்து கால நீட்டுங்க. வாயத் தொறந்தவங்களுக்குச் செருப்பு கெடையாது!"

"யாருடி நீ, எங்கள அதட்டுறதுக்கு?" என்றார் வக்கீல்.

"செருப்பு வேணுமா, வழக்கு வேணுமா சார்?"

வக்கீல் முதலில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த பிறகு மற்றவர்களுக்கு என்ன கௌரவம்? மிராசுதார், தரகன், குமாஸ்தா, பட்டுப்புடவை அம்மாக்கள் எல்லாரும் கீழ வீதிப் புழுதியில் இரண்டு வரிசையாக உட்கார்ந்து, குழந்தைகள் மாதிரிக் காலை நீட்டினார்கள். சத்தம் அடங்கியது. ஒரு காக்கை கரைந்தது மட்டும் கேட்டது.

மணவாளனின் கைகள் மெல்லக் காதிலிருந்து இறங்கின. எட்டிப் பார்த்தான். வெளியே முகங்களைக் காணோம். எங்கு பார்த்தாலும் கால். எழுந்தான். வில்லைகளைத் தொடக்கூட இல்லை. இரண்டு கையிலும் நான்கு ஜோடி எடுத்துக்கொண்டு வருவான், வரிசையோடு நடப்பான், நிற்பான், வைப்பான். வெடித்த குதிகால், ஆறாவது விரல், மருதாணி போட்ட பாதம், மெட்டி அழுத்தின தழும்பு. ஒன்றையாவது இரண்டாம் தடவை பார்க்கவில்லை. சேதுமாதவன் தூணோரம் நின்று எண்ணிக்கொண்டிருந்தான். நூற்று நாற்பதுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டு வெறுமே பார்த்தான். வெகுகாலம் இதே கொட்டகையில் செருப்பு விட்டு, இறந்துபோன பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரின் பிள்ளை முதல் தடவையாகக் கோயிலுக்கு வந்திருந்தான். அவன் பாதத்தைப் பார்த்ததும் மணவாளன், "அப்பா காலு" என்று சொல்லிச் செருப்பை வைத்தான். அந்தப் பையன் செருப்பைப் போட்டுக்கொள்ளாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான்.

கடைசி ஜோடி போனதும் பொன்னம்பலம் தொண்டையைச் செருமினார். "பரவாயில்லடா" என்றார். பிறகு திரும்பினார். "வில்லைய மாத்துனது யாரு? நீதானேடா ஆண்டி? எவன்கிட்ட கைக்கூலி வாங்குன?"

"சாமி சத்தியமா நான் இல்லீங்க மொதலாளி…"

ஆண்டி போனால் அண்ணன் இருப்பான். ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் போதும். தைலம்மாள் அண்ணனைப் பார்த்துக் கண்ணடித்தாள். உதட்டில் விரல் வைத்தாள். யாரிடம்! மணவாளன் அவள் முகத்தை என்றைக்குப் பார்த்தான்?

"மணவாளா, உனக்குத் தெரியுமா?"

"தெரியும். தைலா." வரிசைகளுக்கு நடுவே தரையில் கிடந்த மணலைக் காட்டினான். "காலையில தடவி வுட்டேன். மூணு வரிசையிலயும் தைலா காலு இருக்கு."

பொன்னம்பலம் காதைப் பிடித்து முறுக்கியதில் தைலம்மாளுக்குக் கைலாசமே தெரிந்தது. "அண்ணனும் தங்கச்சியும் சேந்து நாடகமா? ரெண்டு பேரும் வெளியில போங்க!"

"அவன் சேரல மாமா" என்றான் சேதுமாதவன். "சேந்திருந்தா சொல்லுவானா?" சட்டைப்பையிலிருந்து மார்க் காகிதத்தை எடுத்தான். எதையோ திருத்தப் போகிறவன் மாதிரிப் பேனாவைத் திறந்தான். எங்கே திருத்துவது என்று தெரியாமல் மூடினான். "என் அட்டையில இவனுக்கு ஒரு கேள்விகூட இல்ல மாமா. இல்லாத கேள்விக்கு நான் மார்க் போட்டிருக்கேன்."

வக்கீல் புழுதியைத் தட்டிக்கொண்டே, "பொன்னம்பலம், அடுத்த தரம் என் கையில வில்லை குடுத்தீர்னா நான் வெறுங்காலோடயே வந்துடுவேன்" என்றார்.

பொன்னம்பலம் கீழே கிடந்த ஒரு வில்லையை எடுத்து ஆண்டியின் பக்கம் வீசினார். "வில்லையெல்லாம் மூட்டை கட்டுடா ஆண்டி. நீ குடையப் பாத்துக்க. மணவாளா, நாளைக்கு எப்பவும்போல அஞ்சு மணிக்கு வந்துடு. இந்தக் கழுத ஆடி முடியிற வரைக்கும் இந்த வீதியில தலகாட்டக் கூடாது."

வீட்டுக்குப் போகும் வழியில் தைலம்மாள் சிவந்த காதைத் தடவிக்கொண்டே வந்தாள். சந்தோஷமும் கோபமும் ஒன்றாக வந்ததில், கோபத்தை முதலில் எடுத்து வைத்தாள்.

"எதுக்குண்ணே என்னக் காட்டிக் குடுத்த?"

"கேட்டாங்க."

"பேசாம இருந்திருக்கலாம்ல? அவனப் போவச் சொல்லிட்டு உன்ன வச்சிருப்பாங்க. மில்லு ஞாபகம் இல்லியா உனக்கு?"

மணவாளன் தெருவில் போகிற கால்களைப் பார்த்தபடியே சொன்னான்:

"ஆண்டி காலு நடுங்குச்சு தைலா."

தெற்கு வீதி முனையில் மறுபடியும் மேளம் கேட்டது. அவன் காதுக்குக் கையைத் தூக்கும் முன்னே அவள் அவனுக்குப் பின்னால் போய், தன் இரண்டு கைகளாலும் அவன் காதுகளைப் பொத்தினாள். அப்படியே, ஊர் பார்த்துச் சிரித்தாலும் சிரிக்கட்டும் என்று, அவனைச் சந்துவழியாகத் தள்ளிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தாள்.