தலையிலிருந்து முதுகுக்கு வழி

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பின் வாசிப்பறையில் சனிக்கிழமை மாலைதோறும் சொற்போர் நடக்கும். அங்கே நான் பழகிய ஆயுதம் ஒன்று உண்டு: எதிராளி எதைச் சொன்னாலும், அது எந்த வழியாக நிகழும் என்று கேட்பது. வழி சொல்லத் தெரியாதவன் தோற்றவன். அந்த ஒரு கேள்வியால் பல மாலைகளை வென்றிருக்கிறேன்.

என் அண்ணன் ரயில் பட்டறையில் ஃபிட்டர். சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய கைகளும் பாதங்களும் தாடையும் பெருக்கத் தொடங்கின; பக்கவாட்டில் வரும் சைக்கிள் கண்ணில் படாமல் போயிற்று. மூளைக்கடியில் பட்டாணியளவுள்ள ஒரு சுரப்பியில் கட்டி என்றார்கள். கப்பலேறிச் சென்று அறுவை செய்துகொண்டு திரும்பினார். புற்று அன்று, தீங்கற்ற கட்டியே என்று எழுதிக் கொடுத்திருந்த தாளை வீட்டாருக்குப் படித்துக் காட்டியவன் நான்.

பிறகு அண்ணனுக்கு முதுகு வலிக்கத் தொடங்கியது, வலி நிற்கவில்லை. அடுத்த வீட்டில் இருந்த, ஆஸ்பத்திரியில் காயங்களுக்கு மருந்து கட்டும் டிரெஸர், பெரிய டாக்டரிடம் போய்ப் பழைய கட்டியைப் பற்றியும் சொல்லும்படி அறிவுறுத்தினார். எங்கள் கூடத்தில், எல்லார் முன்னிலையிலும், நான் எழுந்து நின்றே மறுத்தேன். கட்டி இருந்தது தலையில், வலிப்பது முதுகில். புற்றல்லாத ஒன்று அங்கிருந்து இங்கே எந்த வழியாக இறங்கும்? டிரெஸர் கையிலிருந்த காப்பியைப் பார்த்தார். இரும்பு தூக்குகிறவருக்கு முதுகு வலிக்கத்தான் செய்யும் என்று முடித்தேன். எண்ணெய் தேய்த்தார்கள்.

மூன்று மாதம் கழித்து அண்ணன் பட்டறை வாசலில் கால் மடங்கி விழுந்தார்.

பழைய நோய் ஏதும் உண்டா என்று பெரிய டாக்டர் கேட்டபோது அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். முதுகில் ஊசியிட்டு நீரெடுத்துச் சோதித்தபின் டாக்டர் விளக்கினார்: மூளையைச் சூழ்ந்த நீர்தான் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கிறது, மிக அரிதாக, தீங்கற்றதாகத் தோன்றிய கட்டியின் துகளும் அந்நீரில் இறங்கிக் கீழே நரம்புகளில் ஒட்டி வளர்வதுண்டு. எக்ஸ்ரே கதிரால் வளர்ச்சியைத் தடுக்க முயல்வதாகச் சொன்னார். கால் மீளும் என்று சொல்லவில்லை. முன்பே வந்திருக்கலாம் என்றார்.

அன்று மாலையே டிரெஸரிடம் போய் அந்த வழியை ஒப்பித்தேன்.

"வழி எனக்கும் தெரியாது தம்பி. கூட்டிட்டுப் போய்க் காட்டுங்கன்னுதானே சொன்னேன்," என்றார்.

வார்டுக்குத் திரும்பினேன். கட்டிலுக்கு வெளியே நீண்டிருந்த அண்ணனின் பாதங்களைப் போர்வையால் மூடினேன். என் கை பட்டது அவருக்குத் தெரியவில்லை. நான் பேசிய அன்றைக்கே கால் மரத்திருந்ததா என்று கேட்டேன்.

"லேசா மரத்துத்தான் இருந்துச்சு. நீ அவ்வளவு அழகா பேசிட்டிருந்தே. குறுக்கே என்னத்தடா சொல்றது."