கண்ணாடியில் வைத்த சந்தனம்

காற்றை உறிஞ்சுகிற பம்புக்குத் தண்ணீரை உறிஞ்சுவது ஒரு பெரிய காரியமில்லை என்று நான் நம்பினேன். நான் குற்றாலத்துக்குப் போகிற பாதையில் ஒரு மரக்கடையில் கதவுகளுக்கு உப்புத்தாள் தேய்த்துப் பாலிஷ் போடுகிறவன். அங்கே கம்ப்யூட்டர் சொன்னபடி பூ வேலை செதுக்குகிற மெஷின் ஒன்று உண்டு. அதன் டேபிள் முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டைகள். கீழே இருக்கிற பம்ப் அவற்றின் வழியே காற்றை இழுக்க, மேலே வைத்த பலகை ஆணி அடித்தது மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் டேபிளைச் சுத்தம் செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மெஷின் ஓட்டுகிறவன் என் வயசுக்காரன். பொரியும் பூவும் வாங்கத் தென்காசிக்குக் கிளம்பும்போது சொன்னான்.

"ஏலே, தண்ணி ஊத்திராத. மொதல்ல பம்ப அமத்து, இந்த வால்வ மூடு. பெறகு ஈரத்துணியப் பிழிஞ்சு தொட. சொட்டுத் தண்ணி உள்ள போச்சுன்னா ஆயிலெல்லாம் மோராயிரும்."

"ஏன், ஒம் பம்புக்குச் சளி புடிச்சிருமோ?"

"ஒனக்கு எல்லாம் வெளாட்டுதாம்லே."

அவன் தலை மறைந்ததும் இரண்டு வாளித் தண்ணீரை டேபிளில் கொட்டினேன். பிறகு என் மூளை வேலை செய்தது. பம்பைப் போட்டால் தண்ணீரை அதுவே குடித்துவிடும், துடைக்கிற வேலை மிச்சம். போட்டேன். குடித்தது. கொஞ்ச நேரத்தில் தொண்டை கொப்பளிக்கிற மாதிரி ஒரு சத்தம், பிறகு வெள்ளைப் புகை.

வெடிக்கப்போகிறது என்று ரோட்டுக்கு ஓடினேன். கையில் திருஷ்டி சுற்ற வைத்திருந்த பூசணிக்காய். உயிர் போகிற நேரத்தில் அதை எதற்குக் காப்பாற்றினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. ஒன்றும் வெடிக்காததால் திரும்பி வந்து, எட்ட நின்று, துடைப்பக் கட்டையால் சுவிட்சைத் தட்டினேன்.

பம்பின் வயிற்றில் எண்ணெய் தெரிய ஒரு வட்டக் கண்ணாடி உண்டு. தேன் நிறத்தில் இருந்த எண்ணெய் அவன் சொன்னபடியே மோராகியிருந்தது. தினமும் காலையில் அந்தக் கண்ணாடியைப் பார்த்த பிறகுதான் அவன் பம்பைப் போடுவான். பூஜைக்குக் குழைத்த சந்தனம் பக்கத்தில் இருந்தது. கண்ணாடி மறைய அப்பினேன். நடுவில் ஒரு குங்குமப் பொட்டு. மற்ற மெஷின்களுக்கும் அதே அளவில் வைத்தேன். பயத்தில் எனக்கு அவ்வளவு ஒழுங்கு வந்துவிட்டது.

மூன்று நாள் லீவு கழித்துக் கடை திறந்தது. சாமிக்கு வைத்த சந்தனத்தை எவன் துடைப்பான்? அவனும் துடைக்கவில்லை. கண்ணாடியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு சுவிட்சைப் போட்டான். பம்ப் ஒரு முறை முனகி இறுகி நின்றது.

முதலாளி அண்ணாச்சி வந்து சந்தனத்தைச் சுரண்டிப் பார்த்தார்.

"ஆயிலப் பாக்காம எப்படிலே போட்ட?"

"பூசைல வச்ச சந்தனம் அண்ணாச்சி. அத எப்படித் தொடைக்க?"

"சாமி மேல பழியப் போடுதியோ?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீதான கழுவுன? தண்ணி ஊத்துனியா?"

அவனும் என்னைப் பார்த்தான். உண்மையைச் சொல்ல ஒரு சொல் போதும்.

"அண்ணாச்சி, நானே வாரத்துக்கு ரெண்டு மட்டந்தான் குளிக்கேன். மெஷினையா குளிப்பாட்டுவேன்?"

கடையே சிரித்தது. அண்ணாச்சியும் சிரித்தார். என் வாழ்க்கையில் நன்றாக எடுபட்ட நகைச்சுவை அதுதான். அவன் மட்டும் சிரிக்காமல், மூடச் சொன்ன வால்வு திறந்தே கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்று மத்தியானம் அவனைச் சோத்து வாளியை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள்.

இப்போது அவன் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி டெம்போ ஓட்டுகிறான். வழியில் பார்த்தால் ஹாரன் அடிக்கமாட்டான்.

பம்பைப் பிரித்த மெக்கானிக், உள்ளே தண்ணீர் நின்று துருப்பிடித்திருப்பதாகச் சொன்னார். அண்ணாச்சி அதையும் போனவன் கணக்கிலேயே எழுதினார். டேபிளிலிருந்து பம்புக்கு வருகிற குழாயின் நடுவில், தண்ணீரைப் பிடித்து நிறுத்த ஒரு கிண்ணம் மாட்டிவிட்டுப் போனார். அதை வடிப்பதும், பம்பை அமர்த்தி வால்வை மூடிய பிறகு டேபிளை ஈரத்துணியால் துடைப்பதும் இன்று என் வேலை. அந்த மெஷினை ஓட்டுகிறவன் நான்தான். தண்ணீர் ஊற்றியது நான் என்று அண்ணாச்சியிடம் இன்னும் சொல்லவில்லை.