மஞ்சள்தூள் கலந்த கொடி

முட்டிக்குக் கீழே நனைத்த கோணிப்பை. அப்படியும் இரும்பின் சூடு தொடை வரைக்கும் ஏறும். கையில் பிரஷ், மூக்கில் தின்னர் நெடி... நாலு பக்கமும் கடல் மின்னுவதில் கண்ணைத் திறக்கவே முடியாது.

எண்பதுகளின் நடுவில், ஈரானும் ஈராக்கும் அடித்துக்கொண்டிருந்த நேரம். நான் ஒரு சரக்குக் கப்பலில் காசாப். ஸ்டோர் கீப்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயிண்ட், கயிறு, பிரஷ் எல்லாம் என் பொறுப்பு. சண்டைக்கும் எங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அரிசியும் டீத்தூளும் ஏற்றிக்கொண்டு குவைத்துக்குப் போவோம், வருவோம். ஆனால் மேலே பறந்து வருகிறவனுக்கு அது எப்படித் தெரியும்?

அதனால் வளைகுடாவுக்குள் நுழையுமுன் வேலை தலைக்குமேல் இருக்கும். ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் கறுப்பு அடிக்கவேண்டும். உயிர்காப்புப் படகை இறக்கி ஏற்றிப் பார்க்கவேண்டும். லைஃப் ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டேதான் சாப்பாடு.

எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை, கப்பல் நடுவில் சரக்கை மூடியிருக்கும் இரும்பு மூடிமேல் நம் தேசியக் கொடியை வரைவது. சின்னக் கல்யாண மண்டபம் அளவுக்கு இருக்கும். விமானத்திலிருந்து பார்க்கிறவன், இது இந்தியக் கப்பல் என்று விட்டுவிட்டுப் போகவேண்டும். அவ்வளவுதான் எங்கள் பாதுகாப்பு.

வெள்ளை இருந்தது. பச்சை இருந்தது. சக்கரத்துக்கு நீலமும் இருந்தது. ஆரஞ்சு இல்லை...

ஏன் இல்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு மாதம் முன்னால் மெட்ராஸ் துறைமுகத்தில் கப்பல் நின்றபோது, இருந்த ஒரே பெரிய டின்னை லுங்கியில் சுற்றிப் பையில் போட்டு, ரயிலேறி ஆவடிக்குக் கொண்டுபோய்விட்டேன். அங்கே சேக்காட்டில் அப்போதுதான் வீடு கட்டி முடித்திருந்தோம். தெருவிலேயே பளபளவென்று ஆரஞ்சு கேட் எங்களுடையதுதான். என் மனைவி வசந்திக்கு அதில் அவ்வளவு பெருமை.

அதிகாரி செகண்ட் மேட் கேட்டபோது, தீர்ந்துவிட்டது சார் என்று கூசாமல் சொன்னேன். தீயணைப்பு வாளிக்கு அடிக்கும் சிவப்பை எடுத்து, ஆரஞ்சு வரவேண்டிய இடத்தில் பூசிவிட்டேன். அவ்வளவு உயரத்திலிருந்து யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள் என்ற நினைப்பு.

மறுநாள் காலை செகண்ட் மேட் கப்பலின் முன்பக்கக் கம்பத்தில் ஏறி என்னையும் மேலே கூப்பிட்டார். கீழே கையைக் காட்டினார். அங்கிருந்து பார்த்தால் கொடி தலைகீழ். மேலே பச்சை, நடுவில் வெள்ளை, கீழே சிவப்பு. சக்கரம் அவ்வளவு தூரத்துக்கு வெறும் புள்ளி.

ஈரான் கொடி.

எங்களுக்கு எதிரே வரப்போவதோ ஈராக் விமானம். கப்பலில் முப்பத்தைந்து பேர். வளைகுடாவின் வாசலுக்கு ஒரு பகல்தான் பாக்கி. மஞ்சள் இருந்தாலாவது சிவப்போடு கலந்து சமாளிக்கலாம் என்று டின்னைத் திறந்தேன். அது இறுகிக் கல்லாகிக் கிடந்தது.

நேராக அடுப்படிக்கு ஓடினேன். எங்கள் பண்டாரி, அதாவது சமையல்காரன், பூந்தமல்லி மரியதாஸ். இருக்கிற மஞ்சள்தூள் முழுக்க வேண்டும் என்றேன். முப்பத்தைந்து பேர் சாப்பாட்டுச் சாமான்... காரணம் சொல்லாமல் கொடுக்கமாட்டான். சொல்லவேண்டியதாகிவிட்டது.

"பெயிண்டு தீர்ல மாமே. நாந்தான் இட்டுகினு போயி ஊட்டு கேட்டுக்கு அட்ச்சிட்டேன்."

அடிக்கப்போகிறான் என்றுதான் நினைத்தேன். மரியதாஸ் கரண்டியைக் கீழே வைத்தான்.

"உடு மாமே. எங்க ஊட்ல கொயந்திங்க படுக்கிற பெட்ஷீட்டு பூரா இந்தக் கப்பல்துதான். எத்தினி கிலோ ஓணும்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது.

வெள்ளையில் மஞ்சள்தூளைக் கொட்டி, ஒரு குவளை சிவப்பு விட்டுக் கலக்கினோம். ஆரஞ்சு மாதிரி ஒன்று வந்தது. வேலை முடித்துத் தூங்கப்போனவர்கள்கூட பிரஷ்ஷோடு வந்து உட்கார்ந்தார்கள். ஒரு டின் பெயிண்ட் கொடுக்க வக்கில்லையா என்று கம்பெனியைத் திட்டிக்கொண்டே பூசினார்கள். நானும் தலையாட்டினேன்... மரியதாஸ் என்னைப் பார்க்கவே இல்லை.

மூன்றாம் நாள் மதியம், சாப்பாட்டு நேரத்தில் விமானம் வந்தது. தாழ்வாக வந்தது. எல்லோரும் குப்புறப் படுத்தார்கள். நான் மட்டும் கொடியையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெயிலில் மஞ்சள் வெளுக்க ஆரம்பித்திருந்தது. விமானம் எங்கள் தலைக்குமேல் ஒரு சுற்று சுற்றியது. அந்த ஒரு சுற்றுக்குள் எத்தனை சாமியைக் கூப்பிட்டேன் என்று கணக்கில்லை.

போய்விட்டது. யாருடைய விமானம், அவன் எதைப் பார்த்தான், இன்றுவரை தெரியாது.

ஊர் திரும்பும்வரை எங்களுக்கு வெள்ளை வெளேர் என்று குழம்பு. அதற்கும் கம்பெனிக்குத்தான் திட்டு.

இப்போது என் பையன் செல்போனில் காட்டுகிறான். அதே கடலில் எந்தக் கப்பல் எங்கே போகிறது, எந்த நாட்டுக் கொடி, எல்லாம் விரல் நுனியில். அன்றைக்கு நான் பத்திரமாக இருக்கிறேன் என்று வசந்திக்குத் தெரிய, கடிதம் வந்து சேர ஒரு மாதம் ஆகும். இந்தக் காலத்துப் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள்.

மரியதாஸ் போன வருஷம் இறந்துவிட்டான். கடைசிவரை ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. தெரிந்தவன் இனி நான் ஒருத்தன்தான், அது என்னவோ பிடிக்கவில்லை.

அந்தக் கப்பலில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், இல்லை உங்கள் பிள்ளைகள் படித்துக் காட்டினால்... கம்பெனியைத் திட்டாதீர்கள் அண்ணாத்தே. பெயிண்ட் கொடுத்திருந்தார்கள். எடுத்தது நான்.