தலைமை ஆசிரியைக்கு அனுமதி இல்லை

என் சின்ன மருமகளைப் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் ஒயர் டீச்சர் என்பார்கள். கல்யாணமான மறுவாரமே எங்கள் வீட்டு மிக்ஸியைக் கழற்றித் தரையில் பரப்பியவள் அவள்.

"ஐயோ, புது மிக்ஸிம்மா அது!" என்று அலறினேன்.

"புதுசுன்னா உள்ள எப்படி இருக்குன்னு பார்க்க வேணாமா அத்தை?" என்றாள்.

திரும்பப் பூட்டியபோது ஒரு திருகாணி மிச்சம். மிக்ஸி என்னவோ முன்பைவிட நன்றாகவே ஓடியது. அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. மாமியார் மருமகள் சண்டை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வேறு வீடு பார்த்துக்கொள்ளட்டும்.

பள்ளிக்கூடத்தில் முதலில் அவளுக்கு என்று ஒரு வகுப்பு கிடையாது. யார் லீவு போடுகிறார்களோ அவர்கள் வகுப்புக்கு ஓட வேண்டும். பிறகு யாரோ கொடுத்த பழைய கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின. தட்டுமுட்டு அறையைக் கழுவித் துடைத்து, அவற்றில் லினக்ஸ் என்று காசில்லாமல் கிடைக்கிற ஒரு மென்பொருளைப் போட்டு ஓட வைத்தாள். அந்த அறை அவளுடையதாயிற்று. ஆனால் தினமும் அங்கே அடிதடிதான். ஒரு பிள்ளை எந்தப் பெட்டியில் படம் வரைகிறதோ, அந்தப் படம் அந்தப் பெட்டியிலேயே கிடக்கும். மறுநாள் அங்கே வேறொருத்தி உட்கார்ந்துவிட்டால், "எந்திரிடி, என் யானை உள்ள இருக்கு!" என்று சடையைப் பிடித்து இழுப்பார்கள்.

தலைமை ஆசிரியைக்குப் பொறுக்கவில்லை. "பெற்றோர் வர்ற நாளுக்குள்ள இந்தச் சண்டை நிக்கணும் டீச்சர். இல்லேன்னா ரூமை விளையாட்டு வாத்தியாருக்குக் குடுத்துடுவேன். பந்து வைக்க இடமில்லைன்னு உயிரை எடுக்கறார்" என்று சொல்லிவிட்டார். அறை போனால் என் மருமகள் மறுபடியும் லீவு வகுப்புகளுக்கு ஓட வேண்டியதுதான்.

"எல்லார் படத்தையும் ஒரே பெரிய பெட்டியில வெச்சிடப்போறேன் அத்தை. அதுக்குப் பேரு சர்வர்" என்றாள்.

"ஹோட்டல்ல இருப்பாரே, அவரா?"

"அவரேதான்! எந்த மேஜையில உக்காந்தாலும் நீங்க கேட்டது உங்களுக்கு வரும்."

நல்ல வேலையாகத்தான் பட்டது. பெற்றோர் நாளும் வந்தது. "வராதீங்க அத்தை, எனக்கே படபடன்னு இருக்கு" என்றாள். "அப்போ கட்டாயம் வரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டேன்.

பெற்றோர்கள் வருவதற்கு முன்பே தலைமை ஆசிரியை சோதித்துப் பார்க்க வந்துவிட்டார். வரவேற்புப் பேச்சைத் தம் அறைக் கம்ப்யூட்டரில் எழுதி சர்வரில் வைத்திருந்தாராம். பிள்ளைகளுடைய குட்டி நாற்காலியில் எப்படியோ தம்மைப் பொருத்திக்கொண்டு தட்டினார். திரையில் வந்ததை உரக்கப் படித்தார்.

"அனுமதி இல்லை... யாருக்கு? எனக்கா? என் ஸ்கூல்லயா?"

பக்கத்து நாற்காலியில் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி இருந்தாள். பட்டாசு என்றால்தான் அவளைத் தெரியும்.

"மிஸ், உங்க பேச்சு என்கிட்ட இருக்கு மிஸ். நடுவுல ஒரு பூனை போட்டிருக்கேன்."

"கையை எடு! தொடாதே!"

"அப்போ வால் போட வேணாமா மிஸ்?"

வாசலில் விளையாட்டு வாத்தியார் சுவரை முழம் போட்டு அளந்துகொண்டிருந்தார். என் மருமகள் இரண்டு திரைகளையும் எட்டிப் பார்த்தாள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாள், சிரித்தாள், அப்படிச் சிரித்தாள்.

"நம்பரு அத்தை, நம்பரு! சர்வருக்கு ஆள் பேரு தெரியாது, நம்பர்தான் தெரியும். நான் ஒவ்வொரு பெட்டியிலயும் முதல்ல வந்தவங்களுக்கு முதல் நம்பர்னு குடுத்துத் தொலைச்சிட்டேன். ஆபீஸ் பெட்டியில முதல் ஆள் மேடம். இங்க முதல் ஆள் பட்டாசு, மேடம் வேற நம்பர்."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"நம்ம வீட்ல பெரியவன்னா யாரு?"

"என் மூத்த மகன்."

"எதிர் வீட்டு அம்மா வந்து, 'பெரியவனுக்குச் சோறு போடுங்க'ன்னா?"

"என் மகனுக்குத்தான் போடுவேன். பின்னே அவங்க பிள்ளைக்கா போடுவேன்?"

"அதேதான்! இந்தச் சர்வர் மேடம் சோத்தைப் பட்டாசுக்குப் போட்டிருச்சு!"

தலைமை ஆசிரியைக்குக்கூடச் சிரிப்பில் உதடு துடித்தது. அடக்கிக்கொண்டு, "பெற்றோர் கேட்டுக்கு வந்துட்டாங்க டீச்சர்" என்றார்.

மருமகள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பெட்டி பெட்டியாகத் தாவினாள். ஆளுக்கு ஒரே நம்பர், எல்லாப் பெட்டியிலும் அதே நம்பர். விரல்கள் பொரிகிற கடுகாய்த் துள்ளின. நான் கதவை அடைத்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். "உள்ளே போகலாமா பாட்டி?" என்று கேட்ட அப்பா அம்மாக்களையெல்லாம், "உங்க பிள்ளை என்ன படிக்குது? நல்லா சாப்பிடுதா?" என்று பேச்சில் இழுத்தே நிறுத்தினேன். ஒருத்தரையும் விடவில்லை.

"திறங்க அத்தை!"

பிள்ளைகள் வெள்ளமாய்ப் புகுந்தார்கள். கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள். யானை வந்தது. வீடு வந்தது. மூன்று கால் குதிரை ஒன்று வந்தது. எழுந்து அடுத்த நாற்காலிக்கு ஓடினால் அங்கேயும் அதே குதிரை! "இங்கயும் இருக்குடா!" என்று ஒரே கூச்சல். சடையை இழுக்க யாருக்கும் நேரமில்லை.

அந்தக் கூச்சலுக்குள் தலைமை ஆசிரியையின் குரலும் கேட்டது. "இதுல என் பேச்சு வந்துடுச்சு! இதுலயும் வந்துடுச்சு!" கொண்டை அவிழ்ந்தது தெரியாமல் அவரும் நாற்காலி நாற்காலியாக மாறிக்கொண்டிருந்தார்.

விளையாட்டு வாத்தியார் தொண்டையைக் கனைத்தார். "மேடம், இந்த ரூமு விஷயம்..."

"என்ன ரூமு? தள்ளி நில்லுங்க சார், அந்தக் கடைசிப் பெட்டியில நான் இன்னும் உக்காரவே இல்ல!"